ஏற்றுமதி கம்பெனியா, காதர்பேட்டை வேலையா?

கேள்வி:
திருப்பூரில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். உலக ஜவுளி வணிகத்தில் எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று அளவு வைத்த கோட்டா முறை ஒழிந்த 2005இல் தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். எங்கள் கம்பெனிக்கு அமெரிக்க ஆர்டர்தான் சோறு. 2025 ஆகஸ்ட் 27 அன்று அங்கே இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதமானது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. பேக்கிங் முடிந்த பெட்டிகள் மாடிப்படி வரை அடுக்கிக் கிடக்கின்றன. மேலே கிடக்கும் சட்டைகளில் டாலர் விலைச்சீட்டு.

என் தங்கை கல்யாணமும் மகளின் நர்சிங் படிப்பும் அந்த ஆர்டர்களால் நடந்தவை. அதை மறந்து பேச மாட்டேன். ஆனாலும் எங்கோ போட்ட ஒரு கையெழுத்து என் வீட்டு அரிசிப் பானைக்குள் கைவிடுகிறதே என்று பதறுகிறது. இங்குள்ள மொத்த விற்பனைச் சந்தையான காதர்பேட்டைக்குச் சரக்குப் போடும் உள்ளூர் பனியன் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். பீஸ் ரேட் குறைவு. போகலாமா?

பதில் 1:
அண்ணா, தீபாவளி போனஸ் வாங்காமல் கணக்கு முடிக்காதீர்கள். அங்கே பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று முதலில் கேளுங்கள். நான் செக்கிங்கில் பதினொரு வருடம் இருந்தேன். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டியதே வெளிநாட்டு பையர் தணிக்கைக்கு ஆள் அனுப்பியதால்தான். அதற்கு முன் நாங்கள் கேட்டபோது யார் காதில் விழுந்தது?

பதில் 2:
எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்குக் கட்டிய அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. தென்னையில் குரும்பை கொட்டியது. கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீர் விஷயத்தில் ஊருக்குப் பயம் வந்தது. உள்ளூர் பனியனுக்கும் சாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சட்டை கடல் தாண்டிப் போகிறது, கழிவு எங்களிடம் தங்குகிறது. சட்டை வாங்கியவர் கொடுத்த விலையில் எங்கள் கிணறு சேர்ந்ததே இல்லை. நீங்கள் எங்கே தைத்தாலும் இதையும் பேசுங்கள் தம்பி.

கேள்வி கேட்டவர்:
தங்கச்சி, கேட்டுவிட்டேன். பி.எஃப். கிடையாதாம். தீபாவளி வரை இங்கேயே இருக்கிறேன். 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தால் ஆர்டர் திரும்பும் என்று சூப்பர்வைசர் நம்புகிறார்.

தோட்டத்து அண்ணா, கருநீலத் துணி தைக்கும் நாளில் என் மூக்குக்குள்ளும் நீலப் பஞ்சு இருக்கும். நேற்றும் அந்தத் துணிதான். முகம் கழுவும்போது உங்கள் கிணற்றை நினைத்துக்கொண்டேன். இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது? மாடு குடிக்கிறதா?