டூலெட் போர்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது ஒரே 'லெட்'டா?

அரசலாறு, கும்பகோணம்:
'லெட் மீ கோ' என்றால் என்னைப் போக விடு. தெருவில் தொங்கும் 'டூலெட்' வாடகைக்கு விடுவது. இதுவரை சரி. பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் வரும் வாசகத்தில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கிறதே, அது என்ன? இன்னொன்று: வாய்க்காலில் தண்ணீர் விடக் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். 'ப்ளீஸ் லீவ் வாட்டர்' என்று போடலாமா?

வெண்ணாறு:
பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு லெட். பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுவது, 'லெட்டன்' என்றால் தடுப்பது, தாமதப்படுத்துவது. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. நாம் பேசும் 'லேட்' இரண்டாவதன் உறவு. 'தடுப்பது' என்ற பொருள் பேச்சில் செத்துப்போய், சட்ட வாசகம் போன்ற சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி உரிய கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். பாஸ்போர்ட் வாசகத்தில் 'போக விடுங்கள்' என்பதற்கு 'அலவ்' வருவதைப் பாருங்கள். அங்கேயும் லெட் போட்டிருந்தால் குழப்படிதான்.

கடைமடை:
மனுவில் 'லீவ்' வேண்டவே வேண்டாம். நமக்கு எல்லாமே 'விடு' என்பதால் வரும் வினை இது. 'லீவ் வாட்டர் இன் தி சேனல்' என்றால் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் கிடக்கட்டும், எடுக்காதே என்று அர்த்தம். காய்ந்த வாய்க்காலுக்கு அப்படி எழுதினால் அதிகாரி என்ன செய்வார்? 'லெட் வாட்டர் இன்டு தி சேனல்' சரி. 'ரிலீஸ் வாட்டர்' இன்னும் நல்லது. ஜூன் 12 மேட்டூர் திறப்புச் செய்தியிலும் பெரும்பாலும் அதுதான் வரும்.

லெட்டுக்குப் பின் வரும் வினைக்கு முன்னால் 'டு' கூடாது. 'லெட் அஸ் டு இரிகேட்' தப்பு, 'லெட் அஸ் இரிகேட்' சரி. அலவ் போட்டால் 'டு' கட்டாயம்: 'அலவ் அஸ் டு இரிகேட்'. இறந்த காலத்திலும் லெட்தான், 'லெட்டட்' கிடையாது. வாய்க்கால் பெயர், தலைப்பு மதகு, பாசன ஏக்கர் மூன்றையும் குறிப்பிடுங்கள். அதுசரி, தமிழிலேயே எழுதினால் என்ன? தமிழ் மனுவை வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அரசலாறு:
சங்கத்தில் ஆங்கிலப் பிரதியும் வேண்டும் என்கிறார்கள் சார். அப்போ 'வீ வேர் நாட் லெட் டு இரிகேட்' என்று எழுதலாமா?

கடைமடை:
கூடாது. செயப்பாட்டு வினையில் அலவ்தான் உட்காரும்: 'வீ வேர் நாட் அலவ்ட் டு இரிகேட்'. தண்ணீரைச் சொல்லும்போது மட்டும் 'வாட்டர் வாஸ் லெட் இன்டு' வரலாம்.

குடமுருட்டி:
வாடகை விஷயம் விட்டுப்போச்சு. 'லெட்' வீட்டுக்காரர் செய்வது, குடியிருப்பவர் செய்வது 'ரென்ட்'. 'ஐ லெட் எ ஹவுஸ்' என்று குடியிருப்பவர் சொன்னால் வீடே அவருடையது என்று ஆகிவிடும். ஒப்பந்தத்தில் 'ஷல் நாட் சப்லெட்' என்று ஒரு வரி இருக்கும். உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது அது. நிலத்துக்கு எழுதினால் உள்குத்தகை. கையெழுத்துக்கு முன்னால் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.