டபுள் கெப்பில ரிக்கவரி சாமான் எங்க, எப்படி வைக்கிறது?

படுவான்கரை_கெப்:

புதைஞ்ச வாகனத்தை இழுத்தெடுக்கிற (ரிக்கவரி) சாமானை மாரி தொடங்க முதல் ஒழுங்குபடுத்த வேணும். வாகனம் டபுள் கெப். பின்தட்டு நீளம் சுமார் ஒன்றரை மீற்றர், கூடு இல்ல, படங்கு மட்டும்தான். மாரியில மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் வயல் பாதை, கோடையில பாணமையால உகந்தைக்குப் போற பாதையும் கடற்கரை மணலும்.

இருக்கிற சாமான்: 9 மீற்றர், 8 தொன் ஸ்னட்ச் ஸ்ட்ராப் (வாகனம் இழுக்கிற, நீண்டு சுருங்கிற பட்டி) ஒன்று, மரத்தில சுத்துற 3 மீற்றர் பட்டி ஒன்று, 4.75 தொன் ஷக்கிள் (ஊசி பூட்டுற இரும்பு வளையம்) ரெண்டு, சொஃப்ட் ஷக்கிள் (நூலால பின்னின வளையம்) ரெண்டு, நீளப் பிடிச் சவல், சில்லுக்குக் கீழ வைக்கிற மணல் பலகை ஒரு சோடி, 12 வோல்ட் கொம்பிரசர், 48 அங்குல ஹை-லிப்ட் ஜக் (பம்பரில பிடிச்சுத் தூக்குற உயரமான ஜக்).

இப்ப எல்லாம் ரெண்டு உரபேக்குக்குள்ள கிடக்கு. பின்பக்கம் புதைஞ்சா டெயில்போர்டைத் திறக்க ஏலாது. ஷக்கிள் ஊசி இறுகிப் போகுது. ஸ்ட்ராப் பூஞ்சணம் மணக்குது. காத்துப் புகாத பெரிய பெட்டி ஒன்று வாங்கலாமா, இல்லாட்டி கூரையில றக் அடிக்கலாமா?

நாலுசில்லு:

தம்பி, முதல்ல உரபேக்கை எறியுங்க. எவ்வளவு உதறினாலும் தையலுக்குள்ள உரத்தூள் நிக்கும். அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உங்கட ஷக்கிள் ஊசி இறுகிறதுக்குப் பாதிக் காரணம் அதுவாத்தான் இருக்கும்.

வாகனம் முற்றத்தில நிக்கிற மாதிரி நினைச்சு அடுக்கக் கூடாது. சுரியில வயிறு முட்டி, பின்பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கக் கதவு வரம்போட ஒட்டி நிக்குது எண்டு நினைச்சு அடுக்குங்க. அப்ப கைக்கு எட்டுற இடம் பின் ஆசனம்தான். முதல் பையை அங்க வையுங்க, ரெண்டு கதவாலயும் எடுக்கலாம். அதுக்குள்ள கையுறை, டயர்க் காத்து அளக்கிற கேஜ், வால்வு கழற்றி, ஸ்ட்ராப், சொஃப்ட் ஷக்கிள் ரெண்டு, தலையில கட்டுற லைட், ஸ்ட்ராப் அறுந்தா பாயாம அதுக்கு மேல போடுற டம்பர். டம்பர் ஸ்ட்ராப்போட ஒரே பையிலதான் இருக்க வேணும். வேற இடத்தில கிடந்தா அவசரத்தில ஒருத்தரும் தேடி எடுக்க மாட்டினம். உன்னிச்சையிலயும் லகுகல பக்கமும் பொழுதுபட்டா யானை வரும். டோர்ச் அடிச்சுப் பை கிண்டுற இடம் இல்ல அது.

ஸ்ட்ராப்பை முடிச்சுப் போட்டோ முழங்கையில சுத்தியோ வைக்காதீங்க. நடுவில ரெண்டா மடிச்சு, மடிச்ச பக்கத்தில இருந்து சுருட்டிக்கொண்டு வாங்க. ரெண்டு காதும் வெளியில நிக்கும். சைக்கிள் டியூபில ஒரு வளையம் வெட்டிப் போட்டா அவிழாது. காதைப் பிடிச்சு இழுத்தா முறுக்கில்லாம விரியும்.

மரத்துப் பட்டியை வேற நிறப் பையில வையுங்க. ஸ்னட்ச் ஸ்ட்ராப் நைலோன், இழுக்கேக்க ஐந்தில ஒரு பங்களவு நீளும். மரத்துப் பட்டி பொலியெஸ்டர், நீளாது. இருட்டில சேறு பூசி ரெண்டும் ஒரே மாதிரிக் கிடக்கும். மாறி மாட்டி ஓடி இழுத்தா அந்த அதிர்ச்சி முழுக்கக் கொக்கிக்கும் சசிக்கும் போகும், பிடுங்கிக்கொண்டு வரும். சிவப்புப் பை நீளுறது, வெள்ளைப் பை நீளாதது எண்டு வையுங்க. வாகனத்தில ஏறுற எல்லாருக்கும் அது தெரிஞ்சிருக்க வேணும்.

காத்துப் புகாத பெட்டி வேண்டாம். மீன்காரர் பாவிக்கிற, அடியில ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பெட்டி ரெண்டு எடுங்க. தண்ணி வடியும், காத்துப் போகும். ரெண்டையும் பின்தட்டில கெபினோட ஒட்டி வையுங்க. ஒன்றில இரும்புச் சாமான். மற்றது வெறுமையா இருக்கட்டும், அது வேலை முடிஞ்ச பிறகு சேத்துச் சாமான் போடுறதுக்கு. அந்த வெறும் பெட்டி இல்லாட்டி சேறு பிடிச்ச ஸ்ட்ராப் திரும்பவும் சுத்தமான பைக்குள்ளதான் போகும்.

பொத்துவில்_காக்கா:

கடற்கரைப் பக்கம் வாறதெண்டால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

ஸ்ட்ராப்பும் சொஃப்ட் ஷக்கிளும் பழுதாகிறது இழுவையில மட்டும் இல்ல. நூலுக்கு இடையில போற மணல் உள்ளுக்கு இருந்து அறுக்கும். உப்புத் தண்ணி காய்ஞ்சால் உப்புக் கல்லும் அதே வேலையைச் செய்யும். பெரிய பேசினில நல்ல தண்ணி விட்டு, ஊறவைத்து, கையால அலசி, மண் வராத வரைக்கும் தண்ணி மாத்துங்க. மூன்று நாலு தரம் மாத்த வேண்டி வரும். சவர்க்காரத் தூள் போடாதீங்க, குளோரின் கிட்டவும் கொண்டு போகாதீங்க, நைலோனைக் கெடுக்கும். வாவித் தண்ணி உவர், அதுல அலசிப் பிரயோசனம் இல்ல. கரையோரத்துக் கிணறு சிலதும் அப்படித்தான், வாயில வைத்துப் பார்த்திட்டு அலசுங்க.

காய விடுறது நிழலில. கச்சான் (கோடையில அடிக்கிற காய்ஞ்ச காத்து) அடிக்கிற காலத்தில ஒரு நாள் காணும். மாரியில விறாந்தையில கொடி கட்டி ரெண்டு மூன்று நாள் விட வேணும். நைலோன் நனைஞ்சு இருக்கேக்க பலமும் குறையும், அதனால ஈரத்தோட சுருட்டி வைக்கிறது ரெண்டு வகையில நட்டம்.

ஷக்கிளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு ஊசியும் அதனதன் ஷக்கிளிலயே பூட்டியிருக்க வேணும், மாத்தக் கூடாது. மரையைத் துணியால துடைச்சு மெல்லிய எண்ணெய் ஒரு பொட்டு வையுங்க. கிறீஸ் பூசினால் மணல் ஒட்டி அரைக்கும். மாட்டேக்க கையால முழுக்க இறுக்கி, கால் சுற்று பின்னுக்கு விடுங்க. இழுவை விழுந்த பிறகு ஊசி சிக்காது. சுமை அளவு பொறிக்காத ஷக்கிள் ஹாட்வெயார் கடையில மலிவா இருக்கும். அது படங்கு கட்டத்தான் சரி.

பற்றரி, பற்றரித் தண்ணி எதுவும் ஸ்ட்ராப்புக்குப் பக்கத்தில இருக்கக் கூடாது. அமிலம் பட்ட நைலோன் பார்வைக்கு நல்லா இருக்கும், இழுக்கேக்க அறும். கொம்பிரசரும் காத்தடிச்சு முடிஞ்ச உடனே கொதிக்கும். 15 நிமிசமாவது ஆற விட்டுத்தான் உள்ள வையுங்க. சொஃப்ட் ஷக்கிளின்ட நூல் சூடு தாங்காது.

கம்மாலை:

மேல ரெண்டு பேரும் சொன்னதோட உடன்பாடு. ஆனால் ஒருத்தரும் கட்டுறதைப் பற்றிப் பேசல்ல. பெட்டியை வைக்கிறது வேற, கட்டுறது வேற. 60 கிலோமீற்றர் வேகத்தில வந்து சடாரெண்டு நின்றால் கட்டாத ஷக்கிள் அதே 60இல முன்னுக்குப் போகும். பின்தட்டில இருக்கிற கொளுவிகளுக்கு 25 மில்லிமீற்றர் ரட்செட் பட்டி ரெண்டு, பெட்டிக்கு மேலால குறுக்க. கெபினுக்குள்ள இருக்கிற பையையும் ஆசனத்தின்ட அடிக்கம்பியோட கொளுவுங்க. ஒரு எச்சரிக்கை: அந்த ரட்செட் பட்டியால வாகனம் இழுக்கக் கூடாது, ட்ரெய்லர் கொளுவுற குண்டில ஸ்ட்ராப் மாட்டவும் கூடாது. குண்டு முறிஞ்சால் சன்னம் மாதிரி வரும்.

கூரை றக் எனக்குப் பிடிக்காது. மேல பாரம் ஏற ஏற வரம்பில சரியேக்க கவிழுற பயம் கூடும். மணல் பலகை மட்டும் பரவாயில்ல, பாரம் குறைவு, சேறும் வெளியில நிக்கும். ஆனால் உங்கட பின்தட்டில அதுக்கு இடம் இருக்கு. ரெண்டையும் ஒன்றுக்குள்ள ஒன்றைச் செருகி, பக்கச் சுவரோட நிமிர்த்தி, மேல ஒரு பட்டி போடுங்க, பக்கத்தில நின்றே உருவி எடுக்கலாம். சவலும் அதே பட்டிக்குள்ள, அலகு கெபின் பக்கம்.

ஹை-லிப்ட் ஜக் கிட்டத்தட்ட 13 கிலோ. உங்கட பம்பர் வாகனத்தோட வந்த கொம்பனி பம்பர் எண்டால் அது பிடிக்க இடமே இல்ல, வீட்டில விடுங்க. அதுக்குப் பதிலா போத்தல் ஜக் ஒன்றும், 30 சென்ரிமீற்றர் சதுரத்தில தடிச்ச பிளைவூட் பலகை ஒன்றும். பலகை இல்லாட்டி ஜக் சுரிக்குள்ள இறங்கும், வாகனம் எழும்பாது. போத்தல் ஜக்கை முழுக்க இறக்கி, நிமிர்த்தித்தான் வைக்க வேணும். படுத்துக் கிடந்தால் எண்ணெய் கசியும், இல்லாட்டி காத்துப் புகுந்து தூக்காது. ஹை-லிப்டைக் கொண்டுதான் போவன் எண்டால், ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கிற பகுதிக்கு ஒரு உறை தைச்சுப் போடுங்க. மணல் போனால் ஊசி ஏறாது, பாரம் ஏத்தின ஜக்கில அது ஆபத்து.

படுவான்கரை_கெப்:

நன்றி அண்ணன்மார். பம்பர் கொம்பனி பம்பர்தான், ஜக்கை இறக்கிறன். பை எங்க தைக்கலாம்? மற்றது, கோடையில சாமானை நெல் வைக்கிற அறையிலதான் வைக்க வேணும், அங்க எலி.

நாலுசில்லு:

லொறி ஹூட் தைக்கிற குஷன் கடையில குடுங்க. தடிச்ச கென்வஸ், அடியில பித்தளைக் கண் நாலு, தண்ணி வடியிறதுக்கு. சிப் வேண்டாம், மண் போய் இறுகும். மடிச்சுக் கொளுவுற பட்டி போதும். மீன் பெட்டி பழசெண்டால் நல்லாத் தேய்ச்சுக் கழுவி வெயிலில போட்டு மணம் போன பிறகு சாமானை வையுங்க. மீன் மணக்கிற நைலோனை எலி விடாது.

அந்த அறையில நிலத்தில வைக்காதீங்க. கூரை வளையில இருந்து கம்பியில தொங்க விடுங்க, கயிறெண்டால் எலி அதால இறங்கும். கம்பி நடுவில பால்மா டின் மூடி ஒன்றை ஓட்டை போட்டுக் கோர்த்து விட்டால் அதைத் தாண்டுறது இன்னும் கஷ்டம். பை சுவரில இருந்து நல்லாத் தள்ளி நிக்கட்டும்.