120 பக்க ரிப்போர்ட்டுக்கு எந்த பிரிண்டர்?

*கவிதா:* மாமா, ஆபீஸுக்கு பிரிண்டர் வாங்கணும். ரிப்போர்ட் 120 பக்கம், 25 காப்பி, மாசம் நாலு தடவை. நிமிஷத்துக்கு 40 பக்கம்னு ஒரு லேசர் பார்த்திருக்கேன். போதுமா?

*சேகர் மாமா:* ஒரு தடவைக்கு 3,000 பக்கம், மாசம் 12,000. டியூட்டி சைக்கிள்னு போட்டிருக்கறதை நம்பாதேம்மா, அது மெஷின் ஒரு மாசம் தாங்கற உச்சம். பரிந்துரைக்கிற மாத அளவுன்னு ஸ்பெக் ஷீட்ல தனியா இருக்கும். அதுதான் 12,000-ஐத் தாண்டணும்.

*சேகர் மாமா:* 40ங்கறது தாளோட ஒரு பக்கம் மட்டும் அடிக்கிற வேகம். டூப்ளெக்ஸ், அதாவது தாளோட ரெண்டு பக்கமும் அடிக்கிற வேகம் எவ்வளவுன்னு கேளு, பெரும்பாலும் குறையும்.

*ராஜி அக்கா:* ட்ரேயையும் பாரு கவி. ரெண்டு பக்கமும் அடிச்சா காப்பிக்கு 60 ஷீட், மொத்தம் 1,500. ட்ரே 250 ஷீட்னா ஆறு தடவை நிரப்பணும். வெளிய விழற தட்டு சின்னதுன்னா அதுவும் நிறைஞ்சு நின்னுடும்.

*கவிதா:* ஸ்டேப்ளர் வச்சதும் இருக்காமே அக்கா?

*ராஜி அக்கா:* நிறைய மாடல் 50 ஷீட் வரைக்கும்தான் குத்தும். உன்னோடது 60! ஸ்பைரலே போடு. மிரர் மார்ஜின், அதாவது ரெண்டு பக்கத்துலயும் பைண்டிங் ஓரத்துல கூடுதல் இடம், வைக்க மறந்துடாதே, இல்லன்னா பின்பக்க எழுத்துல ஓட்டை விழும்.

*கவிதா:* டோனர், அந்த மைப்பொடி கார்ட்ரிட்ஜ், 10,000 பக்கம் வரும்ங்கறாங்க.

*சேகர் மாமா:* ஒரு பக்கத்துல 5% இடத்துல மை விழுந்தாத்தான் அந்தக் கணக்கு. கிராஃப் நிறைய இருந்து 15% ஆச்சுன்னா 3,300 பக்கத்துல காலி. உனக்கு ஒரு ரவுண்டுக்கே ஒரு டோனர்! மையைப் பேப்பருக்கு மாத்தற உருளை, அதான் டிரம், தனியா மாத்தணுமான்னும் கேட்டு, ரெண்டையும் சேர்த்து பக்கத்துக்கு என்ன செலவுன்னு பாரு.

*பாலா அண்ணன்:* பேப்பர் ஜாம் ஆறதுக்கு ஈரமும் ஒரு காரணம். டூப்ளெக்ஸ்ல ஷீட் ஃப்யூசருக்குள்ள, அதாவது சூடு வச்சு மையை ஒட்டற பாகத்துக்குள்ள, ரெண்டு தடவை போகுது. முதல் சூட்டுலயே ஈரம் போய் ஓரம் சுருளும், திரும்பி வர்றப்ப மாட்டிக்கும். பேப்பர் பாக்கெட்டை முன்கூட்டியே பிரிக்காதே. ரொம்ப சுருண்டா ட்ரேல இருக்கற அடுக்கைப் புரட்டிப் போடு.

*பாலா அண்ணன்:* டெமோவுக்குப் போறப்ப உன் பி.டி.எஃப்பையே கொண்டு போ. மூணு காப்பி, டூப்ளெக்ஸ், கொலேட் (ஒரு காப்பி முழுசா முடிஞ்சு அடுத்தது வர்ற மாதிரி) போட்டுக் கொடு. ஒவ்வொரு காப்பிக்கு முன்னாடியும் யோசிச்சுக்கிட்டு நின்னா மெமரி பத்தலைன்னு அர்த்தம்.

*கவிதா:* சரிண்ணா, கிராஃப் நிறைய இருக்கற ரிப்போர்ட்டையே பென்டிரைவ்ல போட்டுக்கறேன்.