இயற்கை விதிக் கட்சியும் நானூற்றுப் பன்னிரண்டு பேரும்

கிழக்கு இலண்டனிலிருந்து

1992ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், நானும் வேறு மூன்று யாழ்ப்பாணத்து இளைஞர்களும் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவைத் தட்டி, நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் எங்களிடம் வாக்குக் கேட்டார். எங்கள் அகதி விண்ணப்பங்களுக்கு அப்போது முடிவு கிடைத்திருக்கவில்லை. ஆயினும் பொதுநலவாய நாடொன்றின் குடிமக்கள் என்ற வகையில் எங்கள் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருந்தன. அதுவரையில் எந்தக் கட்சிக்காரரும் எங்கள் படியேறியதில்லை என்பதால், அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தோம்.

அவர் இயற்கை விதிக் கட்சியின் தொண்டர். மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தைப் பயின்றவர்கள் அந்த மாதத்தில்தான் தொடங்கியிருந்த அக்கட்சி, ஏப்ரல் 9ஆம் திகதி நடைபெறவிருந்த பொதுத்தேர்தலில் 300க்கும் மேற்பட்ட வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. ஒவ்வொருவருக்கும் 500 பவுண் கட்டுப்பணம் செலுத்த வேண்டும்; நூற்றுக்கு ஐந்து வாக்குகளேனும் பெறாவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. எல்லாம் போய்விடும் என்பது தமக்குத் தெரியும் என்று அவரே அமைதியாகச் சொன்னார். 50 தொகுதிகளுக்கு மேல் போட்டியிடும் கட்சிக்குத் தொலைக்காட்சியில் இலவசமாக நேரம் கிடைக்கும் என்றும், தியானத்தைப் பற்றி நாட்டு மக்கள் எல்லோரிடமும் ஒரே இரவில் சொல்லிவிட அதைவிட நல்ல வழி இல்லை என்றும் விளக்கினார். ஏப்ரல் 6ஆம் திகதி ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் அக்கட்சிக்காக இசைநிகழ்ச்சி நடத்தப் போகிறார் என்றபோதுதான், கூட இருந்த தம்பிமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அவர் கேட்டார். சொன்னதும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தம் கட்சியின் அடிப்படைக் கொள்கையைச் சொல்லத் தொடங்கினார். ஒரு நாட்டின் மக்கள்தொகையில் நூறில் ஒரு பங்கை எடுத்து, அதன் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை பேர் ஓரிடத்தில் கூடி, பத்மாசனத்தில் இருந்தபடியே மேலெழ முயலும் யோகப் பறத்தல் என்னும் பயிற்சியைச் செய்தால், அந்நாட்டில் வன்முறை தணியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1983இல் ஜெருசலேமில் தியானம் செய்தோர் தொகை கூடிய நாள்களில் லெபனான் போரின் உக்கிரம் குறைந்ததாகக் கூறும் ஆய்வொன்று 1988இல் ஆய்விதழொன்றில் வெளிவந்திருந்தது. அதையும் அவர் குறிப்பிட்டார். அந்த ஆய்வு பின்னர் பலராலும் மறுக்கப்பட்டது. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. என்றாலும் அன்று மாலை அவர் துண்டுப் பிரசுரத்தின் பின்புறத்தில் எங்கள் நாட்டுக்கென்று போட்டுக் காட்டிய கணக்கு இன்றைக்கும் மனப்பாடமாக இருக்கிறது. இலங்கையின் மக்கள்தொகை 17 மில்லியன், அதில் நூறில் ஒரு பங்கு 170,000, அதன் வர்க்கமூலம் 412.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அம்மாவின் கடிதம் கொழும்பு வழியாக வந்து சேர மாதங்கள் ஆகும். அப்படி இருந்த எங்கள் நால்வருக்கும், போரை நிறுத்த எத்தனை பேர் வேண்டும் என்று ஒருவர் எண்ணிக்கையாகச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் போன பிறகு எங்களுள் இளையவன், "அண்ணை, நல்லூர்த் தேர்வடம் பிடிக்கிற ஆக்களே இதைவிடக் கூடத்தானே?" என்றான். ஒருவருக்கும் மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

லங்காஷயரிலிருந்து வேறொருவர்

யோகப் பறத்தலை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் ஸ்கெல்மர்ஸ்டேல் நகரில் வேலை செய்தேன். ஆழ்நிலைத் தியானக்காரர் பலர் குடும்பத்தோடு அங்கே குடியேறி, கூடித் தியானம் செய்வதற்கென்று பொன்னிறக் குவிமாடக் கட்டடம் ஒன்றை எழுப்பியிருந்தார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர், பொதுமக்களுக்காக நடத்திய செய்முறைக் காட்சிக்கு என்னைக் கூட்டிச் சென்றார். தடித்த பஞ்சு மெத்தைகள் மேல் பத்மாசனத்தில் கண்மூடி அமர்ந்திருந்தவர்கள், சிறிது நேரத்தில் கால்களைப் பிரிக்காமலே துள்ளித் துள்ளி முன்னே நகர்ந்தார்கள். துள்ளுவது முதற்படி, அந்தரத்தில் நிற்பது அடுத்த படி, பறப்பது அதற்கும் மேலே என்றார் நண்பர். முதற்படியைத் தாண்டிய எவரையும் நான் காணவில்லை.

உடலைப் பஞ்சுபோல இலேசாக எண்ணித் தியானிப்பவன் வானில் உலவுவான் என்று பதஞ்சலி சொல்லியிருப்பதையே அவர்கள் பின்பற்றினார்கள். இலகிமா என்று நம் சித்தர்கள் சொல்வதும் இதைத்தான். ஆனால் இத்தகைய சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றும் அதே பதஞ்சலிதான் சொல்கிறார். சித்தியைக் காட்டி வாக்குக் கேட்பது முறையன்று என்பதே என் கருத்து. அதை அந்த நண்பரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தொலைக்காட்சியில் இந்தத் துள்ளலைக் கண்டு நாடே சிரித்ததையும், அடுத்தடுத்த தேர்தல்களிலும் கட்டுப்பணம் பறிபோனதையும் அவர்கள் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். 2001இல் பிரித்தானியாவில் அக்கட்சி தன் பதிவை விலக்கிக்கொண்டது.

ரொறன்ரோவிலிருந்து இன்னொருவர்

கனடாவிலும் 1993ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அக்கட்சி போட்டியிட்டது. எங்கள் நகரின் ரோஸ்டேல் தொகுதியில் புகழ்பெற்ற மந்திரவித்தைக் கலைஞர் டக் ஹெனிங் அதன் வேட்பாளராக நின்றார். குடியுரிமை கிடைக்காததால் எனக்கு வாக்கு இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவருடைய தொண்டர் ஒருவர் வாசலில் கால்மணி நேரம் நின்று பேசியது, மற்றக் கட்சிக்காரர்களிடம் நான் காணாத ஒன்று.

மீண்டும் கிழக்கு இலண்டனிலிருந்து

நான் யாருக்கு வாக்களித்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் வாழ்நாளின் முதல் வாக்கை அந்தக் கட்சிக்கே அளித்தேன். 412 என்று எழுதிக் காட்டியவருக்கு வேறெந்த வகையில் நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கையும் விவரமாக எழுதியிருந்தேன். மறுமொழி ஓகஸ்டில் வந்தது. வீட்டுப் பின்வளவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் அம்மாவும் பக்கத்து வீட்டார் மூவரும் பொழுதுபட்டதும் கூடியிருந்து திருவைந்தெழுத்து ஓதுவதாகவும், தாங்கள் பறக்கமாட்டார்கள் என்றாலும் அந்த நானூற்றுப் பன்னிரண்டில் தங்கள் நால்வரையும் சேர்த்துக்கொள்ளும்படி அந்த அம்மையாரிடம் சொல்லச் சொல்லியும் எழுதியிருந்தார். அவருடைய முகவரியை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.