தகர ரோபோவுக்குப் புது வர்ணம் பூசலாமா?

கேள்வி (வெள்ளவத்தை): 1960களில் ஜப்பானில் செய்யப்பட்ட, பற்றரியில் நடக்கும் தகர ரோபோ ஒன்று என்னிடம் உள்ளது. மார்பில் அச்சிட்ட மீற்றர் முட்கள் இன்னும் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் பற்றரி அறையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது, இடது கையும் இல்லை. வர்ணம் பூசலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. தகரத்தை வளைப்பதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போது அச்சிடப்பட்ட அந்தப் படங்களின் மீது தூரிகை பட்டால் அவற்றின் அழகே போய்விடும். பொடி அல்கலைன் (கார வகை) பற்றரியின் கசிவென்றால், பஞ்சில் சிறிது வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்கு உலர்த்துங்கள்.

பதில்: வலது கையில் அச்செடுத்தால் இன்னொரு வலது கைதான் வரும். ஆகவே அதை ஸ்கேன் செய்து, கணினியில் இடவலம் மாற்றி, முப்பரிமாண அச்சில் எடுங்கள். உட்புறத்தில் ‘மறுஆக்கம்’ என்று பொறிப்பது, பின்னாளில் வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை.

பதில்: கடற்காற்றுக்குத் தகரம் தாங்காது, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய கண்ணாடிப் பெட்டியில், பற்றரி இல்லாமல் வையுங்கள்.