குடைமிளகாய்: கொழுந்து சுருளுது, காய் அடி கருகுது, கால்சியம் கூட்டியும் கேட்கல. உதவி தேவை

நாற்றுக்கூடை
எல்லாருக்கும் வணக்கம். ஆயிரம் சதுர மீட்டர் பாலிஹவுஸில் குடைமிளகாய். மண் கிடையாது, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பைதான். செடிக்கு ஒரு டிரிப்பர். உரத்துக்கு ஏ, பி என்று இரண்டு டேங்க், வெஞ்சுரி (உரத்தைத் தண்ணீரில் உறிஞ்சிக் கலக்கும் குழாய்) வழியாக லைனுக்குப் போகுது. முதல் பறிப்பு வரைக்கும் பயிர் கண்ணுபடுற மாதிரி இருந்துச்சு.

இப்போ கொழுந்து இலை குறுகி, கீழ்ப்பக்கமா சுருண்டு, தொட்டா மொறுமொறுன்னு உடையுது. பூ மொட்டு உதிருது. இது வாசல் பக்கம் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. இன்னொரு பக்கம், புது இலையில் நரம்பு பச்சையாவும் இடைப்பகுதி மஞ்சளாவும் இருக்கு. இது குடில் முழுக்க. லைன் கடைசியில் இருக்குற செடிகளில் காயோட அடி கருகி அமுங்கிப் போகுது.

கால்சியம் குறைபாடுன்னு நினைச்சு கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினேன், இலை வழியாவும் கொடுத்தேன். வேப்பெண்ணெய் அடிச்சாச்சு, இமிடாகுளோபிரிடும் அடிச்சாச்சு. குறையவே இல்லை, சுருளல் இன்னும் பரவுது. மீட்டரில் 1400 பிபிஎம் காட்டுது. அடுத்து எதைச் சேர்க்கலாம்?

வரப்பு
அண்ணா, இது வைரஸ். யோசிக்காம பிடுங்கி எரிச்சிடுங்க. மொத்தக் குடிலும் போறதுக்கு முன்னாடி செய்யுங்க.

சொட்டுநீர்
பிடுங்குறது எப்பவும் கையில இருக்குற வழிதான். அவசரப்படாதீங்க. நரம்பிடை மஞ்சள் குடில் முழுக்க, சுருளல் வாசல் பக்கம், கருகல் லைன் கடைசியில்னு சொல்றீங்க. இடம் இப்படிப் பிரிஞ்சு இருந்தா காரணமும் ஒண்ணா இருக்க வாய்ப்பு குறைவு. மூணையும் கால்சியம்ங்கிற ஒரே மூட்டையில கட்ட வேண்டாம்.

சில விவரம் வேணும். 1400 பிபிஎம்னா எந்த அளவுகோல்? மீட்டர் இ.சி.யை (மின்கடத்துத்திறன், கரைசலில் உப்பு எவ்வளவுன்னு காட்டுறது) 500ஆலோ 700ஆலோ பெருக்கித்தான் பிபிஎம்னு காட்டும். 500 அளவுகோல் மீட்டரா இருந்தா அது இ.சி. 2.8. 700 அளவுகோலா இருந்தா இ.சி. 2.0. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மீட்டரில் இ.சி. தெரிஞ்சா அதையே எழுதுங்க, பிபிஎம்மை மறந்துடுங்க. மீட்டரை இ.சி. 1.413 உள்ள அளவுத்திருத்தக் கரைசலில் வச்சுச் சரிபார்த்துட்டு அளங்க.

பையிலிருந்து வடியிற தண்ணீரோட இ.சி., பி.ஹெச். எவ்வளவு? ஊத்துறதுல எத்தனை சதவீதம் வடியுது? பாசனத் தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு? இரும்பு எந்தக் கீலேட் (இரும்பைக் கரைஞ்ச நிலையில் பிடிச்சு வச்சிருக்குற சேர்மம்)? மெக்னீசியம் சல்பேட்டை எந்த டேங்கில் போடுறீங்க?

பூதக்கண்ணாடி
நானும் சேர்ந்துக்கறேன். சுருளல் கீழ்நோக்கின்னு எழுதியிருக்கீங்க, அதுதான் கண்ணுல பட்டுது. மிளகாய்க் குடும்பத்துல இலை மேல்நோக்கிப் படகு மாதிரி வளைஞ்சா முதல்ல இலைப்பேனைத் தேடணும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி, அடிப்பக்கம் பழுப்பா மினுமினுன்னு இருந்தா மஞ்சள் முரணைச் சிலந்தி (வலை பின்னுற சிலந்தி இல்லை, மைட்டுன்னு சொல்ற பொடி உண்ணி). கால்சியம் குறைஞ்சா கொழுந்தோட ஓரம்தான் முதல்ல காயும், கருகும். ஓரம் நல்லா இருந்து இலை மட்டும் விறைச்சுச் சுருண்டா சந்தேகம் சிலந்தி மேலதான் போகணும்.

இது செஞ்சிலந்தி மாதிரி வலை பின்னாது. நீளம் 0.2 மி.மீ. கூட வராது, வெறும் கண்ணுக்குச் சிக்காது. 20 மடங்குக்குக் குறையாத லென்ஸ் எடுங்க. நல்லா சுருண்ட இலையைப் பார்க்காதீங்க, அங்க விருந்து முடிஞ்சு எல்லாம் கிளம்பியிருக்கும். இப்பத்தான் சுருள ஆரம்பிச்ச கொழுந்தோட அடிப்பக்கம், காம்பு ஒட்டுற இடம், பிஞ்சுக் காயின் புல்லிவட்டத்துக்குக் கீழே பாருங்க. முட்டை கண்ணாடி மாதிரி, மேலே வரிசையா வெள்ளைப் புள்ளி மேடு இருக்கும். அதைப் பார்த்துட்டா வேற சாட்சி வேண்டாம்.

இமிடாகுளோபிரிட் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு, சிலந்திக்கு இல்லை. அதை அடிச்சதுக்கு அப்புறம் சிலந்தி கூடினதாப் பல பயிர்களில் பதிவாகியிருக்கு. நிறுத்திடுங்க.

வாசல்ல வெள்ளை ஈ இருக்கா? இந்தச் சிலந்தி வெள்ளை ஈயோட காலைப் பிடிச்சுக்கிட்டே செடி விட்டு செடி போகும். ஆள் சட்டையிலயும் போகும். வாசல் பக்கம் ஆரம்பிச்சது தற்செயல் இல்லை.

நாற்றுக்கூடை
ரொம்ப நன்றி. அளந்துட்டு வந்தேன்.

மீட்டர் 500 அளவுகோல்தான், அதனால போற இ.சி. 2.8. வடிநீர் இ.சி. 5.1, பி.ஹெச். 7.4. போற தண்ணீர் பி.ஹெச். 7.2. வடியிறது பத்து சதவீதம் தேறினா அதிகம். தண்ணீர் பரிசோதனைத் தாளில் பைகார்பனேட் லிட்டருக்கு 305 மி.கி. இரும்பு ஈடிடிஏ. மெக்னீசியம் சல்பேட் ஏ டேங்கில், கால்சியம் நைட்ரேட்டோட. அந்த டேங்க் அடியில் எப்பவும் வெள்ளைக் கசடு இருக்கும், கரையாத உரம்னு விட்டுட்டேன்.

லென்ஸ்ல பார்த்தேன். வெள்ளைப் புள்ளி முட்டை இருக்கு. ஓடுற பொடிசுகளும் இருக்கு. வாசல்ல மஞ்சள் ஒட்டும் அட்டையில வெள்ளை ஈயும் நிறைய.

சொட்டுநீர்
முட்டை கிடைச்சுடுச்சு, அதைப் பூதக்கண்ணாடி பார்த்துக்குவார். நான் தண்ணீர்ப் பக்கம் வர்றேன்.

கசடு கரையாத உரம் இல்லை. கால்சியமும் சல்பேட்டும் அடர்கரைசலில் சந்திச்சா ஜிப்சம் ஆகிப் படியும். பாஸ்பேட் வந்தாலும் இதே கதை. நீங்க காசு கொடுத்து வாங்கின கால்சியத்துல ஒரு பகுதி டேங்க் அடியிலயே தூங்குது, மீதி லைனுக்குப் போய் டிரிப்பரை அடைக்குது. ஏ டேங்கில் கால்சியம் நைட்ரேட், இரும்பு, வேணும்னா கொஞ்சம் பொட்டாசியம் நைட்ரேட். மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பேட், பாஸ்பேட், மற்ற நுண்ணூட்டம் எல்லாம் பி. ரெண்டும் நீர்த்துப் போன பிறகுதான் லைனில் சந்திக்கணும்.

லைன் கடைசியில் கருகல் ஏன்? ஒரே நேரத்துக்கு முதல், நடு, கடைசி டிரிப்பர்களுக்கு அடியில் டம்ளர் வச்சு அளந்து பாருங்க. கடைசியில் பாதிதான் நிறையும்னு நினைக்கிறேன். தண்ணீர் குறைவு, உப்பு அதிகம். காயோட அடிக்குக் கால்சியம் தண்ணீரோட ஓட்டத்தில்தான் போகும், அப்புறம் இலையிலிருந்து காய்க்கு அது திரும்பி வராது. பையில் இ.சி. 5 இருந்தா வேர் தண்ணீரை இழுக்கவே திணறும். இந்த நிலையில் கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினா உப்பு இன்னும் ஏறும், காய்க்குப் போற கால்சியம் இன்னும் குறையும். கேட்க வினோதமா இருந்தாலும் கணக்கு அதுதான். இலைமேல் அடிச்சதும் இலைக்குத்தான், காய்க்கு எட்டாது.

நரம்பிடை மஞ்சள் இரும்பு விஷயம். ஈடிடிஏ கீலேட் பி.ஹெச். 6.5 தாண்டினா இரும்பைக் கைவிட்டுடும். உங்க பையில் 7.4. டிடிபிஏவுக்கு மாறுங்க, அது ஏறக்குறைய 7 வரை தாங்கும். ஆனா கீலேட் மாத்தி மட்டும் தப்பிக்க முடியாது, பைகார்பனேட்டை அமிலத்தால் முறிச்சே ஆகணும்.

61 மி.கி. பைகார்பனேட் ஒரு மில்லி ஈக்விவலண்ட் (அமிலக் கணக்குக்கான அலகு). உங்களுக்கு 305, அதாவது 5. அரையை விட்டுட்டு 4.5 முறிச்சாப் போதும், முழுசா முறிச்சா பி.ஹெச். நிலையில்லாம குதிக்கும். இதில் ஒரு பங்குக்கு (4.5ல் 1) மேல பாஸ்பாரிக் அமிலம் வேண்டாம். அந்த ஒரு பங்கே லிட்டருக்கு 31 மி.கி. பாஸ்பரஸ் கொடுக்கும், செடிக்கு அது கிட்டத்தட்டப் போதுமானது, பி டேங்கில் தனியா போடுற பாஸ்பேட்டை நிறுத்திடலாம். மீதி 3.5 நைட்ரிக் அமிலம். அது லிட்டருக்கு 49 மி.கி. நைட்ரஜன் தரும். இதை உரக் கணக்கில் கழிக்க மறக்காதீங்க, பலரும் இங்கதான் கோட்டை விடுறாங்க. தழை மதமதன்னு வளர்ந்தா சிலந்திக்குத்தான் கொண்டாட்டம்.

அமிலத்துக்குத் தனி டேங்க் வைங்க, இரும்புக் கீலேட்டோட சேர்த்தா கீலேட் சிதையும். எப்பவும் தண்ணீரில் அமிலத்தை ஊத்தணும், அமிலத்தில் தண்ணீரை ஊத்தக் கூடாது. கண்ணாடி, கையுறை இல்லாம பாட்டிலைத் திறக்காதீங்க. போற தண்ணீர் பி.ஹெச். 5.8 பக்கம் நிக்கட்டும்.

நாற்றுக்கூடை
சார், அப்படின்னா பையில் ஏறியிருக்கிற உப்பை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவிடலாமா?

சொட்டுநீர்
வேண்டாம். 5.1ல இருக்குற வேருக்குத் திடீர்னு வெறும் தண்ணீர் கொடுத்தா அது மடமடன்னு குடிக்கும், காய் வெடிக்கும். அமிலம் சேர்த்த நீர்த்த உரக்கரைசல், இ.சி. 1.5 அளவில், வெயில் ஏறின காலை நேரத்தில் அடுத்தடுத்து சின்னச் சின்னத் தவணையா விடுங்க. வடிநீர் 3.5க்கு இறங்கினதும் வழக்கமான கரைசலுக்குத் திரும்பலாம், அதையும் 2.2 பக்கம் வைங்க. 20 முதல் 30 சதவீதம் வடியணும். பத்து சதவீதத்தில் உப்பு போதுமான அளவு வெளியே போகாது.

டிரிப்பர் விஷயத்தில் ஒரு சோதனை. படிஞ்ச வெள்ளையைச் சுரண்டி அதில் ஒரு சொட்டு அமிலம் விடுங்க. நுரைச்சா கார்பனேட், அமிலக் கழுவலில் போகும். நுரைக்காம அப்படியே கிடந்தா ஜிப்சம், அமிலத்துக்கெல்லாம் அசையாது, டிரிப்பரை மாத்துறதுதான் வழி. அமிலக் கழுவல் செய்தா டிரிப்பர் குச்சிகளைப் பையிலிருந்து வெளியே எடுத்துட்டுச் செய்யுங்க, வேரில் படக் கூடாது.

பூதக்கண்ணாடி
இப்போ சிலந்தி. வெப்பமான நாளில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஒரு வாரம் கூட ஆகாது. ஒருமுறை அடிச்சுட்டு ஓய்ஞ்சா முட்டையிலிருந்து வர்றது மறுபடி ஆரம்பிக்கும். அபாமெக்டின் ஒரு சுற்று, ஐந்தாறு நாள் கழிச்சு ஸ்பைரோமெசிஃபென். இரண்டும் வேற வேற செயல்முறை. அபாமெக்டின் இலைக்குள் ஊடுருவும், ஆனா மேலே தங்கினது வெயிலில் சீக்கிரம் சிதையும், அதனால சாயங்காலம் அடிங்க. தேனீக்கும் அப்போதான் ஆபத்து குறைவு. ஸ்பைரோமெசிஃபென் முட்டையையும் குஞ்சையும் பிடிக்கும், பலன் மெதுவாத் தெரியும், வேலை செய்யலன்னு நடுவுல வேற மருந்து கலக்காதீங்க. லேபிளில் இந்தப் பயிருக்கு அனுமதி இருக்கா, பறிப்புக்கு எத்தனை நாள் இடைவெளின்னு பாருங்க. காய் பறிச்சுக்கிட்டே இருக்குற பயிர் இது.

நாசில் கீழிருந்து மேல்நோக்கி இருக்கணும். கொழுந்தோட அடிப்பக்கம் நனையலன்னா அடிச்சதே வீண்.

நனையும் கந்தகமும் நல்லா வேலை செய்யும், ஆனா நீங்க வேப்பெண்ணெய் அடிச்சிருக்கீங்க. எண்ணெய்க்கும் கந்தகத்துக்கும் இரண்டு வார இடைவெளியாவது வேணும், இல்லன்னா இலை பொசுங்கும். வெக்கை அதிகமா இருக்கும்போதும் கந்தகம் வேண்டாம்.

இலைநிழல்
இவ்வளவு மருந்தா? ஸ்விர்ஸ்கி இரைவிழுங்கிச் சிலந்தியை விட்டா முரணைச் சிலந்தி, இலைப்பேன், வெள்ளை ஈ முட்டை மூணையும் தின்னும். குடைமிளகாய்ப் பூவில் மகரந்தம் இருக்குறதால இரை குறைஞ்சாலும் தாக்குப் பிடிக்கும். அதைத்தான் முதல்ல செய்யணும்.

பூதக்கண்ணாடி
ஸ்விர்ஸ்கி விஷயத்தில் உங்களோட எனக்குச் சண்டை இல்லை, ஆனா அது தீயணைப்பு வண்டி இல்லை, காவலாளி. கொழுந்தெல்லாம் சுருண்டு மொட்டு உதிர்ற நிலையில் விட்டா அது பெருகுறதுக்குள்ள இந்தப் பறிப்பு போயிடும். முதல்ல மருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கணும். அபாமெக்டின் எச்சம் இரைவிழுங்கியையும் கொல்லும். அது குறைஞ்ச பிறகு விடலாம். அப்படி விடுற எண்ணம் இருந்தா கந்தகத்தைத் தொடவே வேண்டாம். அடுத்த பயிருக்கு முதல் பூவிலேயே விட்டுடுங்க, அங்க நீங்க சொல்றதுதான் சரி.

இலைநிழல்
இது ஏத்துக்கறேன். ஆனா வாசலை இரட்டைக் கதவா மாத்தாம எது விட்டாலும் பயன் இல்லை. 40 மெஷ் வலை வெள்ளை ஈயை ஓரளவுதான் தடுக்கும், இலைப்பேனைத் தடுக்காது. 50க்குப் போனா காத்தோட்டம் குறையும், அதுக்கு ஏத்த மாதிரி வலைப் பரப்பைக் கூட்டணும். இலைப்பேனுக்கு நீல அட்டையும் தொங்கவிடுங்க.

வரப்பு
அப்போ வைரஸ் இல்லையா?

பூதக்கண்ணாடி
இந்தச் செடிகள்ல முட்டையே கிடைச்சாச்சு. சிலந்தி போன பிறகு வர்ற கொழுந்தும் தேமல் தேமலா, கோணலா வந்தா அப்போ வைரஸைப் பேசலாம்.

நாற்றுக்கூடை
நிலவரம் சொல்றேன். டம்ளர் சோதனையில் கடைசி டிரிப்பர் முதல் டிரிப்பர்ல பாதி கூட இல்லை. வெள்ளைப் படிவு அமிலத்துக்கு நுரைக்கல, அதனால டிரிப்பரை மாத்திக்கிட்டு இருக்கேன். மெக்னீசியம் சல்பேட் பி டேங்குக்குப் போயாச்சு, ஏ டேங்க் அடி இப்போ தெளிவா இருக்கு. வடிநீர் இ.சி. 3.6, பி.ஹெச். 6.3. புது இலை பச்சை கட்டுது. மருந்து ரெண்டு சுற்றும் முடிஞ்சுது, லென்ஸ்ல உயிரோட எதுவும் கண்ணுல படல. ஆனா சுருண்ட இலை சுருண்டே இருக்கு. இன்னொரு சுற்று அடிக்கவா?

பூதக்கண்ணாடி
வேண்டாம். சுருண்ட இலை விரியாது. சிலந்தி செத்த பிறகும் அதோட எச்சில் பாதிப்பு அடுத்த ஓரிரு கொழுந்து வரைக்கும் தெரியும். பழைய இலையைப் பார்த்து மருந்து அடிக்கிறவங்கதான் தேவையில்லாம சிலந்திக்கு மருந்தைத் தாங்குற எதிர்ப்புச் சக்தியை வளர்த்து விடுறாங்க. இரண்டு மூணு வாரம் கொழுந்தை மட்டும் லென்ஸ்ல பாருங்க, வாசல் பக்கம் கூடுதலா. தோல் சொரசொரன்னு போன காயையும் அடி கருகின காயையும் பறிச்சு வெளியே எடுத்துடுங்க, செடி அதுக்குச் செலவழிக்கிற சத்து புதுப் பிஞ்சுக்குப் போகட்டும். வேலையாட்கள் நல்ல பக்கம் முதல்ல, வாசல் பக்கம் கடைசியா வேலை செய்யட்டும்.

சொட்டுநீர்
வடிநீர் இன்னும் கொஞ்சம் இறங்கினதும் போற கரைசலை 2.2க்கு ஏத்துங்க. பாசனம் சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு, அடையிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி முடியட்டும். பி.ஹெச். மீட்டரை பி.ஹெச். 4, 7 உள்ள அளவுத்திருத்தக் கரைசல்களில் வாராவாரம் சரிபாருங்க. டிரிப்பர் எல்லாம் மாத்தினதும் டம்ளர் கணக்கை மறுபடி போடுங்க, லைன் முழுக்கப் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா ஃபில்டரையும் அழுத்தத்தையும் பார்க்கணும்.