என்பியல் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு முன்: சத்திரசிகிச்சைக்கூடமா, பிளாஸ்டர் அறையா?

உப்புவெளி வைத்தியர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் வைத்திய அதிகாரியாகப் பணிபுரிகிறேன். தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்து, என்பியல் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்காக விரைவில் ஒரு போதனா வைத்தியசாலைக்குச் செல்லவிருக்கிறேன். அதுவரை கையில் இருக்கும் சில மாதங்களை எங்கே செலவிடுவது என்பதே என் கேள்வி. உடன் படித்தவர்கள் சத்திரசிகிச்சைக்கூடத்தில் உதவியாளராக நின்று கைப்பழக்கம் பெறச் சொல்கிறார்கள். எங்கள் நிபுணரோ, பிளாஸ்டர் அறையை விட்டு நகர வேண்டாம் என்கிறார்.

இன்னும் இரண்டு விடயங்கள். விலகிய இடுப்பு மூட்டை இழுத்துப் பொருத்தப் பெண்ணின் பலம் போதுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? அடுத்து, முறிவு என்றதும் முதலில் பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போய்விட்டு, நிலைமை மோசமான பிறகு எங்களிடம் வருபவர்களைக் கையாளும் முறை பயிற்சியில் எங்காவது கற்பிக்கப்படுகிறதா?

சீனியர் ரெஜிஸ்ட்ரார், யாழ்ப்பாணம்

உங்கள் நிபுணர் சொல்வதையே நானும் சொல்வேன். சத்திரசிகிச்சைக்கூடம் பயிற்சிக்காலம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். பிளாஸ்டர் அறையில் அவசரமின்றி நிற்கும் வாய்ப்பு, ரெஜிஸ்ட்ராராகி (நிபுணத்துவப் பயிற்சி பெறும் வைத்தியராகி) அழைப்புக் கடமை தொடங்கிய பிறகு அநேகமாகக் கிடைக்காது.

மணிக்கட்டு முறிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்பு சாய்ந்திருக்கும் பக்கத்தில், அதைச் சுற்றியுள்ள என்புறை பெரும்பாலும் அறுபடாமல் பிணைச்சல்போல நிற்கும். மூன்று புள்ளிகளில் அழுத்தம் கொடுத்து, அந்த உறை இறுகி என்பைத் தாங்கும்படி பிளாஸ்டரை வடிவமைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பிளாஸ்டர் குழாய்போல நேராகத் தெரிந்தால், வீக்கம் வடிந்ததும் முறிவு மீண்டும் சரிய இடமுண்டு. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் பிளாஸ்டர் இறுகும் அந்தச் சில நிமிடங்களுக்குள் உள்ளங்கையால், விரல் நுனி பதியாமல், சரியான இடத்தில் அழுத்திப் பிடிப்பது கைக்கு வரவேண்டிய வித்தை.

அதைவிட முக்கியமானது, தொடுவதற்கு முன் பரிசோதித்து எழுதும் பழக்கம். மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்து வரும் பிள்ளையிடம், பெருவிரலையும் சுட்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து வட்டம் காட்டச் சொல்லுங்கள். வட்டம் சப்பையாகி விரல்களின் தட்டைப் பகுதிகள் ஒட்டிக்கொண்டால், நடு நரம்பின் முன்பக்கக் கிளை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அந்தக் கிளைக்குத் தோலில் உணர்ச்சிப் பகுதி கிடையாது. ஆகவே தொட்டுப் பார்த்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன் இதைக் குறிக்காதவர், பின்னர் அந்தக் குறை முறிவினால் வந்ததா, முறிவைப் பொருத்தத் தாம் செலுத்திய கம்பியினால் வந்ததா என்று சொல்ல வழியில்லாமல் நிற்பார்.

கொழும்பு ரெஜிஸ்ட்ரார்

மேலே எழுதிய அண்ணனுடன் நான் முழுமையாக உடன்படவில்லை. பிளாஸ்டர் அறை அவசியம்தான். எனினும் சத்திரசிகிச்சைக்கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது, நோயாளர் கூட்டம் மிகுந்த பெரிய வைத்தியசாலையில் கடைசி வரிசையில் நின்று கற்கும் புதியவருக்கு உதவாத ஆலோசனை. உபகரணங்களின் பெயரும் வரிசையும் தெரிந்தவரைத்தான் நிபுணர்கள் விரைவில் மேசைக்கு அருகே அழைக்கிறார்கள். திருகோணமலையிலேயே சத்திரசிகிச்சைக்கூடத் தாதிய உத்தியோகத்தர்களிடம் கேட்டு, அந்த உபகரணத் தட்டுகளைப் படித்துக்கொள்ளுங்கள். புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எக்ஸ்ரே படத்தைப் படிப்பதும் அங்கேதான் வரும். முதியவரின் இடுப்பு முறிவுக்குத் திருகாணி செலுத்தும்போது, அந்தத் திருகாணியின் நுனியிலிருந்து தொடை என்புத் தலையின் உச்சி வரையுள்ள தூரத்தை முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் அளந்து, உருப்பெருக்கத்தைச் சரிசெய்து கூட்டினால், 25 மில்லிமீற்றருக்குக் குறைவாக வரவேண்டும். 1995இல் பவும்கார்ட்னரும் அவரது சகாக்களும் வெளியிட்ட இந்த அளவு, திருகாணி தொடை என்புத் தலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் ஆபத்தை முன்கூட்டியே கணிக்க இன்றும் பயன்படுகிறது. திருகாணிக்கு முன் செலுத்தும் வழிகாட்டிக் கம்பி ஒரு படத்தில் நடுவில் இருந்தும் மற்றதில் விலகியிருந்தால், நிபுணர் சொல்வதற்கு முன்பே அதை உங்கள் கண் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர்களைத் தடுக்கும் ஈயக் கவசத்தோடு கழுத்துக் கவசத்தையும் கேட்டு வாங்கி அணியுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

பலம் பற்றிய கேள்விக்கு: விலகிய இடுப்பைப் பொருத்துவது மல்யுத்தம் அல்ல. மயக்க மருந்து நிபுணர் தசைகளைத் தளர்த்திய பின், இடுப்பையும் முழங்காலையும் மடித்து, ஒருவர் இடுப்பெலும்பை அழுத்திப் பிடிக்க, நிதானமாகத் தொடர்ந்து இழுப்பதே முறை. தசை தளராத நிலையில் எவ்வளவு பலசாலி இழுத்தாலும் மூட்டுக்குக் கேடுதான். வீட்டுப் பெரியவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இயன்மருத்துவர், கிண்ணியா

உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மூதூரிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ வரும் ஒரு மீனவருக்கு, வைத்தியசாலை என்றால் தொழில் இழக்கும் நாட்களும், துணைக்கு வருபவரின் நாட்கூலியும், "வெட்டிவிடுவார்கள்" என்ற பயமும் சேர்ந்தே வருகின்றன. பரியாரியார் பக்கத்து ஊரில் இருக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், எண்ணெய்க் கட்டுப் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஆகவே "ஏன் அங்கே போனீர்கள்?" என்று ஆரம்பித்தால், அடுத்த கிளினிக்குக்கு அவர் வரமாட்டார்.

ஆபத்து எண்ணெயில் இல்லை, இறுக்கத்தில் இருக்கிறது. மூங்கில் சிம்பு வைத்து இறுகக் கட்டிய கைக்குள் வீக்கம் ஏறும்போது தசைக்கு இரத்தம் போவது தடைப்படுகிறது. பிறகு விரல்கள் மடங்கியபடியே சுருங்கிவிடுகின்றன. அந்தக் கைகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பவர்கள் நாங்கள். எங்கள் பகுதியில் பரியாரியார் ஒருவரிடம், விரல் மரத்தாலோ, விரலை நீட்டும்போது பிள்ளை வீறிட்டு அழுதாலோ கட்டை அவிழ்த்து உடனே அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அவர் அதன்படி செய்கிறார். உங்கள் துறையின் வேரும் அங்கேதான் இருக்கிறது: தொடை முறிவுக்கு நீங்கள் இன்றும் பயன்படுத்தும் சிம்புக்குப் பெயர் தந்த ஹியூ ஓவன் தோமஸ், வேல்ஸ் நாட்டில் தலைமுறைகளாக முறிவு வைத்தியம் பார்த்த குடும்பத்தில் 1834இல் பிறந்தவர்.

உப்புவெளி வைத்தியர்

மூவருக்கும் மிக்க நன்றி. காலையில் பிளாஸ்டர் அறையும், சத்திரசிகிச்சை நாட்களில் கூடமும் என்று ஒழுங்கு செய்துகொள்கிறேன். இயன்மருத்துவர் அக்கா சொன்ன இறுக்கம், நாங்கள் போடும் பிளாஸ்டருக்குள்ளும் ஏற்படலாம் அல்லவா? இரவில் வார்டில் அப்படிச் சந்தேகம் வந்தால், நிபுணர் வரும்வரை நான் என்ன செய்ய வேண்டும்?

சீனியர் ரெஜிஸ்ட்ரார், யாழ்ப்பாணம்

நிச்சயமாக ஏற்படலாம். முறிவின் அளவுக்கு மிஞ்சிய வலியும், விரல்களை மெதுவாக நீட்டும்போது கூடும் வலியும் முதலில் வருபவை. நாடித்துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். அது கடைசி வரை இருக்கலாம். பிளாஸ்டரை மட்டுமன்றி உள்ளே இருக்கும் பஞ்சையும் துணியையும் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்துவிடுங்கள். கையையோ காலையோ இதயத்தின் மட்டத்திலேயே வைத்திருங்கள். உயர்த்தினால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். முறிவு நகர்ந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், அதை மறுநாளும் சரிசெய்யலாம். வலி நிவாரணியைக் கூட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திராமல், நேரத்தைக் குறித்துவிட்டு நிபுணரை உடனே எழுப்புங்கள். வலி தணியாவிட்டால் தசையுறையைத் திறக்க வேண்டிவரும் என்பதால், சத்திரசிகிச்சைக்கூடத்துக்கும் அப்போதே அறிவித்துவிடுங்கள்.